2038 ஜனவரி 19, காலை 8.44: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் 32 பிட் கணினிகளின் கடிகாரம் 2038-ல் நிரம்பிவிடும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் நம் குமரி மாவட்டத்துக் கடிதங்கள் நிறைய. இந்தத் தடவை பகுதி முழுவதும் அவற்றுக்குத்தான்.

கேள்வி: அக்கா, நான் ஒரு கடன் சங்கத்தில் எழுத்தர். எங்கள் பழைய மென்பொருளில் 2041 ஜூன் 30 அன்று முடிகிற வீட்டுக் கடனைப் பதிந்தால், முடிவுத் தேதி 1905 மே 24 என்று அச்சாகிறது. இது வைரஸா? (குழித்துறை வாசகி)

பதில்: வைரஸ் இல்லை. 32 பிட் கடிகாரம் நிரம்பி வழிந்ததால் வந்த தேதி அது. யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 உலகப் பொது நேர நள்ளிரவிலிருந்து வினாடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களில்) வைத்தால் அதிகபட்சம் 2,14,74,83,647 வரைதான் போகும். நம் நேரப்படி அது 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடியில் எண் எதிர்மறையாகத் திரும்பி 1901 டிசம்பரில் போய் விழும். 32 பிட்டின் மொத்த வீச்சு 136 ஆண்டு, 36 நாள், ஆறரை மணி நேரம். உங்கள் 2041 ஜூன் 30 நள்ளிரவிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள், 1905 மே 24 மாலை வரும். எந்த மென்பொருளிலாவது ஒரு தேதி இவ்வளவு பின்னால் போய் நின்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2038 இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று உங்கள் செயலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுக்கிறவர்களுக்கு அது தூரத்தில் இல்லை. 2023 ஜனவரி 19-க்குப் பிறகு கொடுத்த 15 வருடக் கடன் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. ஏஓஎல்சர்வர் என்ற இணைய சர்வர் மென்பொருள் 2006 மே மாதமே இதில் அடிபட்டது. டேட்டாபேஸ் கோரிக்கை ஒருபோதும் காலாவதியாகக் கூடாது என்பதற்காக 100 கோடி வினாடி என்று அதில் வைத்திருந்தார்கள். அன்றைய நேரத்தோடு அந்த 100 கோடியைக் கூட்டியபோது 2038 தாண்டிவிட்டது, சர்வர் விழுந்தது.

மென்பொருளை எழுதியவரிடம் கடன் முடிவுத் தேதியை வினாடிக் கணக்கில் வைக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்றே வைக்கச் சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறார் என்றால், ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற வகை 2038 ஜனவரி 19-ஓடு நின்றுவிடும், ‘டேட்டைம்’ என்ற வகை 9999 வரை போகும். அது நடக்கிற வரைக்கும் 2038-க்குப் பின் முடிகிற கடன்களைத் தனியாக எடுத்து, வட்டி அட்டவணையைக் கையால் சரிபாருங்கள். கடன்காரர் கையில் ஏற்கெனவே கொடுத்துவிட்ட தாள்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தப்பான தாளை வைத்துக்கொண்டு அலையப்போவது அவர்.

கேள்வி: என் லேப்டாப் 64 பிட். எனக்கு ஏதாவது கவலை உண்டா? (நாகர்கோவில், கல்லூரி மாணவர்)

பதில்: சிஸ்டம் கடிகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 64 பிட் பதிப்பில் நேர எண் ஆரம்பத்திலிருந்தே 64 பிட்தான். ஆனால் யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று பதிந்துவைக்கும் யூடிஎம்பி, டபிள்யூடிஎம்பி கோப்புகளில் பழைய 32 பிட் நிரல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 64 பிட் கணினியிலும் நேரத்துக்கு 32 பிட் இடம்தான் விட்டிருக்கிறார்கள். பழைய ஒப்பந்தங்கள் இப்படி எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து சி மொழியில் ஒரு பில்லிங் லைப்ரரி (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதி விற்கிறோம். பல கடைகளில் இன்னும் 32 பிட் லினக்ஸ் பெட்டிகள்தான். சில வாடிக்கையாளர்களிடம் அவர்களுடைய நிரலின் மூலமே (மனிதர் எழுதிய வடிவம்) இல்லை, பைனரி (கணினி ஓட்டும் வடிவம்) மட்டும்தான் இருக்கிறது. நேரத்தை வைக்கும் டைம்-டி என்ற வகையை 64 பிட்டாக்கி எங்கள் லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்து (மூலத்திலிருந்து பைனரியாக மாற்றி) அனுப்பினால் போதாதா? (மார்த்தாண்டம்)

பதில்: போதாது. இப்படிச் செய்தால் இன்று ஒழுங்காக ஓடுகிற கடை நாளைக் காலையில் நின்றுவிடும். இந்த மாத அஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஸ்ட்ரக்டில் (பல உறுப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கும் பதிவில்) பில் எண், நேரம், தொகை என்று மூன்று உறுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 32 பிட்டில் ஒவ்வொன்றும் 4 பைட் (ஒரு பைட் 8 பிட்), மொத்தம் 12. கடைக்காரரின் பழைய நிரல் தொகையை, பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 8-வது பைட்டில் தேடும். இந்த எண் அந்த பைனரிக்குள்ளேயே பதிந்துவிட்டது, அதை யாரும் மாற்ற முடியாது. இப்போது நீங்கள் நேரத்தை 8 பைட் ஆக்குகிறீர்கள். ஆர்ம் வகைச் சிப் உள்ள பெட்டியில் 8 பைட் எண் 8-ன் மடங்கில்தான் உட்காரும் என்பதால், நேரம் 8-வது பைட்டுக்கும் தொகை 16-வது பைட்டுக்கும் நகர்ந்து, மொத்த அளவு 24 ஆகிவிடும். பழைய நிரல் 8-வது பைட்டைப் படித்துவிட்டு நேரத்தின் கீழ்ப்பாதியைத் தொகை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டீ பில் 177 கோடி என்று வரும். இன்டெல் 32 பிட் பெட்டியில் அடுக்கும் விதி வேறு. அங்கே நேரம் 4-லிருந்து 11 வரை உட்காரும், பழைய நிரல் 8-வது பைட்டில் நேரத்தின் மேல்பாதியைப் பார்க்கும், அது இன்றைய தேதியில் பூஜ்யம். எல்லா பில்லும் 0 ரூபாய். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பழைய நிரல் 12 பைட்தான் ஒதுக்கியிருக்கும். நீங்கள் அதில் 16 அல்லது 24 பைட் எழுதுவீர்கள். பக்கத்து நினைவகம் அழியும், பிழை வேறெங்கோ, வேறொரு நாளில் தலைகாட்டும். கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். அகலம் மாறும்போது உடைவது இரண்டு அகலங்கள் சந்திக்கிற இடத்தில்தான்.

லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி இதைச் செய்த விதத்தை நிதானமாகப் படியுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில் அவர்கள் பழைய ஃபங்ஷன்களில் (நிரல்கள் கூப்பிடும் சிறு நிரல்களில்) எதையும் அகலப்படுத்தவில்லை. பழைய வாசல் அதே இடத்தில், அதே அகலத்தில் இருக்கிறது. பக்கத்தில் 64 என்று பெயரில் சேர்த்த புது வாசல் கட்டினார்கள். நிரல் எழுதுகிறவர் கம்பைல் செய்யும்போது ‘டைம் பிட்ஸ்’ மேக்ரோவை (கம்பைலருக்குச் சொல்லும் அமைப்பை) 64 என்று வைத்தால் (கூடவே கோப்பு அளவுக்கான ‘ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்’ மேக்ரோவும் 64 ஆக இருக்க வேண்டும்) ஹெடர் கோப்பு (லைப்ரரியின் அறிவிப்புக் கோப்பு) அவரைப் புது வாசலுக்குத் திருப்பிவிடும். மேக்ரோ இல்லாமல் கம்பைல் செய்தவருக்கும், பத்து வருடம் முன்பு கம்பைல் செய்துவிட்டுப் போனவருக்கும் ஒரு மாற்றமும் தெரியாது.

உள்ளே உண்மையான வேலை ஒரே இடத்தில், 64 பிட்டில் நடக்கிறது. பழைய ஃபங்ஷன் புதியதைக் கூப்பிட்டு, வந்த விடை 32 பிட்டுக்குள் அடங்குமா என்று பார்க்கும். அடங்கினால் சுருக்கித் தரும். அடங்காவிட்டால் ‘வழிந்துவிட்டது’ என்று பிழை எண் தரும். சத்தமில்லாமல் 1901 என்று தராது. உங்கள் லைப்ரரியில் இந்த ஒரு பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான தேதியோடு அச்சான பில்லைவிட அச்சாகாமல் நின்ற பில் எவ்வளவோ மேல். நின்றால் கடைக்காரர் உங்களுக்கு போன் போடுவார்.

இன்னொரு பக்கமும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். 64 பிட் நேரத்துக்கான கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அழைப்புகள் 2019-ல் வந்த 5.1 கெர்னலில்தான் 32 பிட் பெட்டிகளுக்குக் கிடைத்தன. புதிய நிரல் அதற்கு முந்தைய கெர்னலில் ஓடினால், ஜிலிப்சி முதலில் புது அழைப்பைக் கேட்டுப் பார்க்கும். ‘எனக்குத் தெரியாது’ என்று கெர்னல் சொன்னால் பழைய அழைப்புக்குப் போய், கிடைத்ததை அகலப்படுத்தித் தரும். புது நிரல் பழைய கெர்னலிலும், பழைய நிரல் புது லைப்ரரியிலும் ஓட வேண்டும் என்றால் இரண்டு திசையிலும் உழைக்கத்தான் வேண்டும்.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. யூனிக்ஸ் வழி வந்த இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பில் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே வீச்சில் 64 பிட்டுக்கு மாறியது. பழைய பைனரி ஓடாது, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள் என்றார்கள். மூல நிரல் முழுதும் கையில் இருக்கிறவர்களுக்கு அது சுத்தமான வழி. நெட்பிஎஸ்டி 2012-லேயே 6.0 பதிப்பில் மாறியது, ஆனால் பழைய பைனரிகளுக்கான அழைப்புகளை விடாமல் வைத்திருந்தது. ஜிலிப்சி போன்ற இன்னொரு அடிப்படை லைப்ரரியான மஸ்ல் 2020-ல் 1.2.0-ல் 64 பிட்டையே இயல்பாக்கியது. உங்கள் வாடிக்கையாளரிடம் மூலம் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், ஓபன்பிஎஸ்டி வழி உங்களுக்கு ஆகாது.

உங்களைப் போல நடுவில் இருக்கும் லைப்ரரிகளுக்கு என்ன நடந்தது என்பதை டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் பார்க்கலாம். ஜிலிப்சி இரண்டு வாசல் கட்டியது, ஆனால் அதன் மேல் நிற்கும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் ஒவ்வொன்றும் அப்படிக் கட்ட முடியாது. அதனால் 2024-ல் ஆர்ம் 32 பிட்டுக்கு, வெளிமுகத்தில் நேரம் வருகிற லைப்ரரிப் பொதிகளின் பெயர்களையே மாற்றினார்கள். லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. பெயர் வேறாகிவிட்டால் பழையதை எதிர்பார்க்கும் நிரலோடு புதியது தெரியாமல் போய்ச் சேராது. அதெல்லாம் சேர்ந்து 2025 ஆகஸ்டில் டெபியன் 13-ஆக வெளிவந்தது. இன்டெல் 32 பிட்டை மட்டும் வேண்டுமென்றே பழைய அகலத்தில் விட்டுவிட்டார்கள். பழைய பைனரிகளை ஓட்டத்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அகலப்படுத்தினால் அந்தக் காரணமே போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதைச் சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன். பழைய ஸ்ட்ரக்டைத் தொடாதீர்கள். புதுப் பெயரில் ஒரு ஸ்ட்ரக்ட், புதுப் பெயரில் ஃபங்ஷன்கள். புது ஸ்ட்ரக்டில் டைம்-டி என்று எழுதாமல் ‘64 பிட் முழு எண்’ என்று வெளிப்படையாகவே அறிவியுங்கள். அப்போது கடைக்காரர் எந்த மேக்ரோவோடு கம்பைல் செய்தாலும் அளவு மாறாது. முடிந்தால் இனிமேல் ஸ்ட்ரக்டையே வெளியில் காட்டாமல், உறுப்புகளைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்களை மட்டும் கொடுங்கள். அடுத்த மாற்றத்தின்போது உங்கள் பிள்ளைகள் நன்றி சொல்வார்கள்.

நிரலுக்குள் தேட வேண்டியவை: நேரத்தை ‘இன்ட்’ அல்லது ‘லாங்’ மாறியில் வாங்கும் இடங்கள் (32 பிட் லினக்ஸில் லாங் என்பதும் 4 பைட்தான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்), நேரத்தை அச்சிடும்போது லாங் என்று சொல்லி அச்சிடும் இடங்கள், இரண்டு நேரங்களைக் கழித்து இன்டில் போடும் இடங்கள்.

அப்புறம் டிஸ்கில் இருக்கும் பழைய பில் கோப்புகள். கோப்பின் தலைப்பில் ஒரு பதிப்பு எண் வையுங்கள். புது லைப்ரரி இரண்டு வடிவத்தையும் படிக்க வேண்டும். எழுதும்போது மட்டும், அந்தக் கடையில் எல்லா நிரலும் புதிதாகிவிட்டது என்று உறுதியான பிறகு புது வடிவத்துக்கு மாறட்டும். விண்டோஸ் வாடிக்கையாளர்கள் இருந்தால், விஷுவல் சி 2005-லிருந்தே அங்கே டைம்-டி இயல்பாக 64 பிட். உங்கள் பழைய பில்டில் யாராவது 32 பிட்டுக்குத் திருப்பும் மேக்ரோவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கோபுரத்துக்குக் கீழே இருக்கும் டேட்டா லாக்கர் (அளவுகளைப் பதிந்துவைக்கும்) போர்டு 32 பிட் ஆர்ம், பழைய லினக்ஸ். கொடுத்த நிறுவனம் இப்போது பதில் தருவதில்லை. 2038-ல் எங்கள் காற்றாலை நிற்குமா? (ஆரல்வாய்மொழி)

பதில்: இறக்கை நிற்குமா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அது முதன்மைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. லாக்கரின் பதிவுகள் மட்டும் நிச்சயம் குழம்பும். முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளை 20, 25 வருடம் ஓடும் என்ற கணக்கில் நட்டார்கள், அதனால் உங்கள் கவலை நியாயமானது.

போர்டை மேம்படுத்த வழி இருந்தால் நான்கு அடுக்கும் சேர்ந்து மாற வேண்டும். கெர்னல் 5.6 அல்லது அதற்கு மேல், 64 பிட் நேரம் தெரிந்த லைப்ரரி, அதோடு மறுபடி கம்பைல் செய்த லாக்கர் நிரல், அப்புறம் கோப்பு முறைமை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் தேதி முதலிய விவரங்களை வைக்கும் இடம்) 256 பைட்டாக இருந்தால் 2446 வரை தேதி தாங்கும். 128 பைட்டாக இருந்தால் 2038-ஓடு சரி. சின்ன பார்ட்டிஷன்களைப் பழைய கருவிகள் 128 பைட்டில்தான் அமைத்தன, லாக்கர் போர்டுகளில் அது நிறைய உண்டு. புதிய கெர்னல் மவுன்ட் செய்யும்போதே இதை லாகில் எச்சரிக்கும்.

மேம்படுத்தவே வழி இல்லையா? அப்படியென்றால் போர்டின் கடிகாரத்தை 28 வருடம் பின்னால் வைத்துவிட்டு, தரவைச் சேகரிக்கும் கணினியில் 28 வருடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1901-லிருந்து 2099 வரை, 28 வருடத்துக்கு ஒருமுறை கிழமையும் லீப் வருடமும் அப்படியே திரும்பி வரும். அதனால் ‘ஞாயிறு இரவு’ என்று வைத்த வேலைகள் கிழமை மாறாமல் நடக்கும். இது ஒட்டுப்போடுகிற வேலைதான், ஆனால் நேர்மையான ஒட்டு, பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால். எழுதாமல் போனால் உங்களுக்குப் பின் வருகிறவர் கடிகாரத்தைச் ‘சரி’ செய்துவிடுவார். தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முந்தைய பராமரிப்பு நாட்களில் ஒரே ஒரு கோபுரத்தில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கேள்வி: பழைய நிலப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். கொல்லம் ஆண்டில் (பழைய திருவிதாங்கூர் நாட்காட்டியில்) எழுதியவை நிறைய. நேர எண்ணில் எதிர்மறை வேண்டாம் என்று விட்டுவிட்டால் 32 பிட்டிலேயே 2106 வரை போகலாமாமே? நிரல் எழுதுகிற தம்பி அதைச் செய்துவிடலாம் என்கிறார். (தக்கலை)

பதில்: தயவுசெய்து வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எதிர்மறையை விட்டால் 2106 பிப்ரவரி வரை போகலாம் என்பது உண்மை. அதற்கு விலையாக 1970-க்கு முந்தைய அத்தனை தேதியும் போய்விடும். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 என்ற தேதியைக்கூட அந்தக் கணினியில் எழுத முடியாது. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களை ஏற்றுகிற வேலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

எதிர்மறையை வைத்துக்கொண்டாலும் 32 பிட் 1901 டிசம்பருக்கு முன்னால் போகாது. கொல்லம் 1060 ஆவணி என்று ஒரு பத்திரம் வந்தால் அது 1884 ஆகஸ்ட், செப்டம்பர். அடங்காது. 64 பிட்டுக்குப் போனால் இரண்டு பக்கமும் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடம் இருக்கிறது. இருந்தாலும் பத்திரத் தேதிக்கு வினாடிக் கணக்கே தேவையில்லை. பத்திரத்தில் உள்ள கொல்லம் ஆண்டு, மாதம், தேதியை உள்ளபடியே ஒரு புலத்தில் எழுத்தாக வையுங்கள். மாற்றிக் கணக்கிட்ட ஆங்கிலத் தேதியை இன்னொரு புலத்தில் வையுங்கள். மாற்றும்போது பிழை வந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்த வழி இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால் ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதன் பிறகு 825-ஐயும் கூட்ட வேண்டும் என்பதைத் தம்பிக்கு எழுதிக் கொடுங்கள். மார்கழி மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவிக் கிடப்பதால் அங்கே நாளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 2019 ஏப்ரலில் எங்கள் படகின் பழைய ஜிபிஎஸ் கருவி 1999 ஆகஸ்ட் என்று தேதி காட்டியது. இடம் சரியாகத்தான் காட்டியது. அதுவும் இந்தக் கோளாறுதானா? (குளச்சல்)

பதில்: உறவுக்காரக் கோளாறு. ஜிபிஎஸ் வாரங்களை 10 பிட்டில் எண்ணுகிறது, 1,024 வாரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, உலகப் பொது நேரப்படி 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் மறுபடி. இடத்தைக் கணிக்க வாரத்துக்குள் எத்தனையாவது வினாடி என்பதுதான் முக்கியம், அதனால் இடம் தப்பவில்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். புதிய சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட் கொடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கருவி போன்றவற்றுக்காகப் பழைய சிக்னல் அதே 10 பிட்டில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மார்த்தாண்டத்துக்காரருக்கு நான் சொன்ன அதே முறைதான், வானத்திலிருந்து.

அடுத்த திரும்பல் 2038 நவம்பர் 20 நள்ளிரவு. கருவிக்குள் இருக்கும் நிரல் எந்த ஆண்டை அடிப்படையாக வைத்து வாரத்தைக் கணிக்கிறது என்பதைப் பொறுத்துச் சில கருவிகளில் இது வேறு தேதியிலும் வரலாம். புதுக் கருவி வாங்கும்போது ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் நிரலை) புதுப்பிக்க வழி இருக்கிறதா, அதைக் குளச்சலிலோ நாகர்கோவிலிலோ யாராவது செய்து தருவார்களா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.